இசக்கி எழுதிய புருஷன்

நாற்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இசக்கிக்குப் பழி வாங்க ஒரு ஆல்பம் கிடைத்தது. கொடுத்தவள் ஹரிதா, செம்பூரில் மறதி நோய்க்காரர்களுக்கான பகல் மையத்தில் படம் வரையவும் பாடவும் வைக்கிற மாட்டுங்காவில் வளர்ந்த பெண்.

"ஆன்ட்டி, அங்கிளோட பழைய ஃபோட்டோவெல்லாம் இதுல ஒட்டுங்கோ. கீழ ரெண்டு ரெண்டு வரி எழுதுங்கோ. தினம் காலம்பற படிச்சுக் காட்டினா, தான் யாருங்கற பிடி அவருக்குக் கிடைக்கும். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீங்களே பார்த்து எழுதிடுங்கோ."

தாராவிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் இசக்கி மென்றுகொண்டு வந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ராஜபாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்துப் பேரை வைத்துத் தோல்பை பட்டறை நடத்தியவர். பட்டறையில் அவர் வாய் பேசும், வீட்டில் கை பேசும். டீயில் சீனி குறைந்துவிட்டது என்று ஒருநாள் கொதிக்கக் கொதிக்க டம்ளரோடு எறிந்தார். இசக்கியின் இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்றைக்கும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது.

என்றைக்காவது கை ஓய்ந்து உட்காருவான், அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன் என்று காத்திருந்தவள் அவள். மனுஷன் உட்காரத்தான் செய்தார். ஆனால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு உட்கார்ந்தார். 'ஏட்டி' என்று மட்டுமே கூப்பிட்டவர் இப்போது 'தாயி, நீங்க யாரு?' என்கிறார். குற்றவாளியே குற்றத்தைத் தொலைத்துவிட்டுச் சிரித்தால் யார் கழுத்தைப் பிடிப்பது? இசக்கிக்கு அதுதான் ஆறவில்லை.

அன்று சாயங்காலமே ஆல்பத்தை விரித்து உட்கார்ந்தாள். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த தமிழ் கைகொடுத்தது. கல்யாண போட்டோவுக்குக் கீழே எழுதினாள்: "இவர் ராஜபாண்டி. பக்கத்தில் இவர் சம்சாரம் இசக்கி. காலையில் எழுந்ததும் இவர் செய்யும் முதல் வேலை, சம்சாரத்துக்கு டீ போட்டுக் கொடுப்பது." பட்டறை போட்டோவுக்குக் கீழே: "வேலை முடிந்து வந்தால் துணி மடித்து வைப்பார். அவள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார்." 'ஒருநாளும் கை நீட்டாதவர்' என்று எழுதப் போனபோது மட்டும் பேனா நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய நல்ல பேரை அந்த ஆளுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டாள்.

தினமும் காலையில் படித்துக் காட்டினாள். "அப்படியா? நல்ல மனுசனால்லா இருந்திருக்கேன்," என்று ராஜபாண்டி ஆச்சரியப்பட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது இவர் எம்மாத்திரம்? இருபதாவது நாள் தானாக எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தைத் தேடினார்.

கேஸை மட்டும் இசக்கி பற்றவைத்தாள். மற்றதெல்லாம் அவர்தான். அவள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, முதல் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொட்டியில் ஊற்றினாள். "வெந்நி மாதிரி இருக்கு. வேற போடுங்க." இரண்டாவதையும் ஊற்றினாள். மூன்றாவது டம்ளரை நீட்டும்போது, "இதாவது நல்லாருக்கா தாயி?" என்று கேட்டார். ஐயோ பாவம் என்கிறவர்கள் முதலில் அவள் தழும்பைப் பார்த்துவிட்டு வரட்டும். அன்றைக்கு அவள் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மகன் மகேஷ்குமார் ஐரோலியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து, அப்பா டீ போடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். ஆல்பத்தைப் புரட்டினான். அவனுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. "மஸ்த் ஹைம்மா, பிரமாதம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுத்து ஓடுகிறவன் ஒருத்தன் இருந்தான். ராஜபாண்டியின் தம்பி சொரிமுத்து, ஊருக்குப் போயிருந்தவன், திரும்பியதும் அண்ணனைப் பார்க்க வந்தான். ஆல்பத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். முகம் கறுத்தது.

"என்ன மதினி இது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு வச்சிருக்கிய? எங்கண்ணன் கரண்டி புடிச்ச ஆளா?"

"இப்பம் புடிக்காரே."

"அவரைக் கேவலப்படுத்துதிய. செம்பூர்ல அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லத்தான் போறேன், எல்லாம் பொய்யின்னு. இந்தப் புஸ்தகத்தைக் கிழிச்சிப் போடச் சொல்லுதேன்."

இசக்கி ஆல்பத்தை அவனிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆல்பம் போனால் டீ போகும், டீ போனால் நாற்பது வருஷத்துக்கும் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதற்குள் ராஜபாண்டி டம்ளரோடு வந்தார். "தம்பி யாரு? குடிங்க. என் சம்சாரத்துக்கு நாந்தான் போடுவேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து." சொரிமுத்து டீயைத் தொடவில்லை.

சொன்னபடியே வியாழக்கிழமை அவர்களோடு செம்பூருக்கு வந்துவிட்டான். அன்றைக்குப் படம் வரைகிற நாள். நோயாளிகள் சாயத்தை வாயில் வைத்துவிடுகிறார்கள் என்று ஹரிதா டீ டிகாஷன், மஞ்சள் தண்ணீர், பீட்ரூட் சாறு மூன்றையும் கிண்ணங்களில் ஊற்றி வைத்திருப்பாள். ராஜபாண்டி மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு டிகாஷனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சொரிமுத்து ஹரிதாவிடம் வாயைத் திறந்தபோது, அவள் ராஜபாண்டியின் தாளைக் கையில் எடுத்திருந்தாள். கவிழ்ந்த டம்ளர். நீட்டிய ஒரு கை, வளையலோடு. முழங்கைக்குக் கீழே டிகாஷனை மறுபடி மறுபடி ஊற்றி, தாள் நைந்துபோகிற அளவுக்குக் கருப்பாக ஒரு கறை.

"அங்கிள், இது என்ன?"

"ஒருத்தன் டீயைத் தூக்கி எறிஞ்சிட்டாம்மா. அந்தப் பொம்பள கை வெந்துபோச்சு. வாசல்ல ஒரு பய நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். தண்ணி கூட எடுத்துக் குடுக்கல."

இசக்கி சேலை முந்தானையை இழுத்துத் தழும்பை மூடவில்லை. மேஜைமேல் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கையை வைத்தாள். ஹரிதா இரண்டையும் பார்த்தாள். பிறகு, "நீங்க ஏதோ சொல்ல வந்தேளே?" என்று சொரிமுத்துவிடம் கேட்டாள்.

வாசலில் நின்ற பய அவன்தான். "ஒண்ணுமில்லம்மா," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜபாண்டி இசக்கியின் கையை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. "உங்க கைதானா தாயி? அந்தப் பயலைச் சும்மாவா விட்டீங்க?"

'நீதாண்டா அது' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. நாற்பது வருஷம் சேர்த்து வைத்த வார்த்தை. ஆனால் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். மறக்கிறவனுக்கு அதை வீணாக்குவானேன்?

"விடல. புடிச்சிட்டேன். இப்பம் தெனமும் எனக்கு டீ போடுதான்."

ராஜபாண்டி யோசித்தார். பட்டறையில் கூலிக்காரனின் தப்புக்குத் தண்டனை தீர்மானிக்கும்போது வருகிற அதே முகம் வந்தது.

"டீ மட்டுமா? பத்தாது தாயி. பாத்திரமும் கழுவச் சொல்லுங்க. சாகுற வரைக்கும் கழுவட்டும்."

இசக்கி அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து ஆல்பத்தில் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் ஒட்டினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலையில் டீயைக் குடித்து முடித்ததும், எச்சில் டம்ளரோடு முந்தின நாள் பாத்திரங்களையும் அள்ளி அவர் முன்னால் போட்டாள்.