நாற்பத்தோராவது மரம்

யூஷின் சணல் துணியைக் கிழித்துக் கிழித்து மரங்களுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். வளர்த்தவர் செத்தால் மரங்களுக்கும் துக்கத்துணி கட்டிச் சேதி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவையும் பின்னாலேயே போய்விடும். தைவானின் ஹுவாலியென் பக்கத்தில் இதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்பாவின் உடல் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. சாவுத்தீட்டு அண்டாமலிருக்க அக்கம்பக்கத்து வாசல்களில் சிவப்புத்தாள் ஒட்டியாகிவிட்டது.

"அப்பா விடிகாலையில போயிட்டாரு. நீ போயிடாதே," என்று ஒவ்வொரு பம்பளிமாஸ் மரத்திடமும் சொல்லி முடிச்சுப் போட்டாள்.

புயல் தோப்பையே சாய்த்து நாலு நாள் ஆகிறது. அரசு நிவாரணம் வந்தால்தான் தோப்பு கையில் தங்கும். வராவிட்டால், வெகுநாளாய்த் தோப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமாவுக்கு விற்கவேண்டியதுதான்.

சேதம் பார்க்க வந்த அதிகாரி காவ், கூடத்தில் ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டு அம்மாவோடு தோப்புக்கு வந்தார். வந்தவர் திகைத்து நின்றார்.

"என்னம்மா இது? விழுந்த மரமெல்லாம் எங்க?"

நாற்பது மரங்கள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று மூங்கில் முட்டு.

"வேர் காயறதுக்குள்ள தூக்கணும்னாரு," என்றாள் அம்மா. "ஆபீசர் வர்ற வரைக்கும் தொடாதேய்யான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எழுபத்திரண்டு வயசு, நோஞ்சான் நெஞ்சு. கேட்டாத்தானே!"

"போட்டோ எடுத்துட்டுத் தொடலாம்னு போன்ல சொன்னேனே?"

"எடுத்தாரே!" யூஷினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அப்பாவின் கைபேசியை எடுத்து வந்தாள்.

நாற்பது படங்கள். நாற்பதிலும் மரம் நிமிர்ந்து நின்றது.

"அடப்பாவி மனுசா!" அம்மா தலையில் கைவைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கீழ விழுந்து கிடக்கறவளை எவனாவது போட்டோ எடுப்பானா, எழுப்பி மண்ணைத் தட்டிவிட்டு எடுக்கறேன்னாரு. நான் விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

காவ் சிரிக்கவில்லை. ஒரு மரத்தில் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இதைத் தூக்க நாலு ஆள் வேணும். தனியாவா செஞ்சாரு?"

"தனியாத்தான்."

காலையிலிருந்து துணி கட்டிக்கொண்டு வந்தாளே தவிர, மரங்களை யூஷின் பார்க்கவே இல்லை. இப்போது அண்ணாந்து பார்த்தாள். அம்மாடி! வார்த்தைக்கு வார்த்தை இருமுகிற அந்த மெலிந்த மனிதரா இதைச் செய்தார்? அப்பாவை இத்தனை நாள் தெரியாமலே இருந்துவிட்டோம் என்று தோன்றியது.

"நிக்கற மரத்தை விழுந்துச்சுன்னு எழுத முடியாதும்மா," என்றார் காவ் மெல்ல. "அஞ்சுல ஒரு பங்காவது விழுந்திருக்கணும். மன்னிச்சிருங்க."

"அப்ப மாமாவுக்குச் சொல்லி அனுப்பவா?" என்று அம்மா மகளைக் கேட்டாள்.

யூஷின் தோப்பின் கோடிக்கு நடந்தாள். அங்கே கடைசி மரம் பாதி எழும்பிய நிலையில் சாய்ந்து கிடந்தது. அப்பா விடிகாலையில் விழுந்த இடம். அவர் தோளில் மாட்டியிருந்த கயிற்று வளையம் அப்படியே சேற்றில் இருந்தது.

பின்னால் வந்த காவ், "இது ஒண்ணையாவது எழுதிக்கறேன்," என்று கேமராவை உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க சார்." யூஷின் வளையத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எழுப்பிட்டு எடுத்துக்கலாம்."

காவ் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, கீழே கிடந்த மூங்கிலை எடுத்தார்.