மைதானத்தில் நின்ற உப்பு

லாசர் சார் வீரர் அல்ல. வில்லாபுரத்தில் தெருநாய் உறுமினால், அதனிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு அடுத்த தெருவழியாகப் போகிறவர். மூன்று வருடமாகத் தற்காலிக அறிவியல் ஆசிரியர். பணியை நிரந்தரமாக்கும் கடிதம் தலைமையாசிரியர் அழகுபாண்டியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

அன்று பார்த்துத்தான் ஒன்பதாம் வகுப்பை மைதானத்தில் உப்பாக்கினார்.

பையன்கள் பதினெட்டுப் பேரும் சோடியம். கையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை, அதுதான் எலக்ட்ரான். பெண்கள் பதினெட்டுப் பேரும் குளோரின்.

முகேஷ் கொட்டையை விடவில்லை. "குடுத்துட்டா எனக்கு என்னா சார் மிச்சம்?"

"நிம்மதிடா. வெளிக்கூட்டுல ஒத்தைய வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு அல்லாடுவ? அது போனா, உள்கூட்டுல எட்டும் நெறஞ்சு நிக்குதுல்ல?"

"எனக்கு ஏழு இருக்கு, ஒண்ணுதான் கொறையுது. குடுடா, ரொம்பத்தான் பண்ற!" என்று தமிழ்வாணி பிடுங்கிக்கொண்டாள்.

கொடுத்தவன் நேர்மின் அயனி, வாங்கியவள் எதிர்மின் அயனி. ஈர்ப்பு வந்துவிட்டது. பையனைச் சுற்றிப் பெண்கள், பெண்ணைச் சுற்றிப் பையன்கள் என்று கட்டம் கட்டமாய் நின்றார்கள். அசல் கல்லுப்பு.

மாடிப்படியில்கூடப் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஓரம் வைத்திருக்கும் பள்ளி அது. விசிலோடு வந்தார் அழகுபாண்டி.

"என்னய்யா லாசர், கூத்தா? பையனுக பூராம் அங்கிட்டுப் போங்கடா!"

"பிரிச்சா உப்பு நிக்காது சார்."

"ஒமக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

லாசர் ஓரமாக நகர்ந்துகொண்டார். விசில் அடித்தது. பையன்கள் ஒரு பக்கமாகக் குவிந்தார்கள். குவிந்த வேகத்தில் சிதறியும் போனார்கள். ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்கு, ஒருவன் சைக்கிள் கொட்டகைக்கு, முகேஷ் மதில்மேல்.

"எல்லாரும் நேர்மின் அயனி சார்! ஒண்ண ஒண்ணு தள்ளுது!" என்று மதில்மேலிருந்து கத்தினான் முகேஷ்.

எத்தனை விசிலுக்கும் வரிசை கூடவில்லை.

"நீராச்சும் சொல்லித் தொலையும்யா!" என்றார் அழகுபாண்டி.

லாசர் சிதறி நின்ற பையன்களைப் பார்த்தார். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளைகூட அவர் பாடத்தை இவ்வளவு நம்பியதில்லை.

"உப்பு... சேருங்க!"

முப்பத்தாறு பேரும் ஓடிவந்து, பழையபடி கலந்து, கட்டம் மாறாமல் நின்றார்கள்.

"அந்த லெட்டர் அப்படியேதான் கெடக்கும், பாத்துக்கிரும்."

"கெடக்கட்டும் சார்." லாசர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மெக்னீசியம் குளோரைடு. அதுல ஒரு பையனுக்கு ரெண்டு கொட்டை, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பொண்ணுக. வெயிலுக்கு முன்னாடியே வந்துருங்க."