மெழுகுதிரிக்காரி உதாரணம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருந்த போட்டோ கொப்பிக் கடையில் ஆய்வேடுகளுக்கு அட்டை கட்டுவது செபஸ்தியனின் வேலை. கட்டமுன் ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பக்க எண்ணை மட்டும் பார்ப்பார். எழுத்தை வாசிப்பதில்லை. அன்று அறுபத்தோராம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

'லிண்டாவின் மெழுகுதிரிக்காரி' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. அதன் கீழே செபஸ்தியன் எப்போதோ எழுதிய வசனமே இருந்தது. கோவில் வாசலில் இரண்டு பெண்கள் அருகருகே மெழுகுதிரி விற்கிறார்கள். ஒருத்தி எழும்பிப் போகும்போது, தன் தட்டைப் பார்த்துக்கொள்ளும்படி போட்டிக்காரியிடமே சொல்லிவிட்டுப் போகிறாள். அடுத்து வருகிறவனுக்கு இவள் முதலில் யாருடைய திரியை எடுத்துக் கொடுக்கவேண்டும்?

செபஸ்தியன் தலையைத் தூக்கினார். மேசைக்கு அந்தப் பக்கம் கறுப்பு அபாயாவோடு ஒரு பிள்ளை போனைப் பார்த்தபடி நின்றாள். முகப்புத் தாளில் றுஷ்னா என்று பேர் இருந்தது. இத்தனை கடை இருக்க இவள் இங்கே ஏன் வந்தாள்?

முப்பது வருடத்துக்கு முன், ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் இருந்துகொண்டு, லிண்டாவ் என்ற ஒழுக்கவியல் அறிஞரின் ஜெர்மன் புத்தகத்தை அகராதி பார்த்துத் தமிழாக்கியவர் செபஸ்தியன். நாலாம் அத்தியாயத்தில் இருந்த ஒரு உதாரணம், மூன்று கிழமை மண்டையை உடைத்தும் பிடிபடவில்லை. அச்சகக்காரனோ அவசரப்படுத்தினான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலடியில் செவ்வாய்க்கிழமைகளில் தான் கண்டதை எழுதி வைத்தார். கரையூரான் என்ற புனைபெயரில் இருநூறு பிரதி அடித்தார்கள். பத்துப் பேர் வாசித்திருந்தாலே அதிகம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

"மகள், இந்தக் கடையை ஆர் காட்டினது?"

"யாரும் காட்டல்ல. பஸ்ஸால எறங்கினா போர்ட் தெரிஞ்ச."

"இந்த மெழுகுதிரிக் கதை எங்க எடுத்தது?"

றுஷ்னா போனை இறக்கினாள். "ஏன் அங்கிள் கேக்குறீங்க?"

"சும்மா."

"சும்மா யாரும் அறுபத்தோராம் பக்கத்தக் கேக்க மாட்டாங்க. அனுஜன் சேர்ட ஆளா நீங்க?"

"அது ஆர்?"

"என்ட சூப்பர்வைசர்." அவள் கொஞ்ச நேரம் அவரை அளந்து பார்த்தாள். "நான் இங்கிலீஷ் புத்தகத்த ரெண்டு தரம் வாசிச்சன். மெழுகுதிரிக்காரி அதுல இல்ல. சேர்ட்ட கேட்டா, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவன் வேணுமென்டு மறைச்சிட்டான் என்டு சொல்ற. அத வெச்சே மூணு கட்டுரை எழுதியிருக்கார். லிண்டாவ் கப்பல்ல கொழும்புக்கு வந்திருப்பாராம். இப்ப ஒவ்வொரு பெட்ச்சும் அதத்தான் எழுதுது."

செபஸ்தியன் பசைத் தூரிகையைக் கையில் எடுத்தார்.

"திங்கக்கிழம எனக்கு வாய்மொழிப் பரீட்ச. வாறவருக்கு ஜெர்மன் தெரியுமாம். கேட்டா நான் என்னத்தச் சொல்ற? பொய் சொல்றது சேரா, இங்கிலீஷ்காரனா?"

"தமிழில செய்தவர்?"

"அவர் மவுத்தாகிட்டாராம்."

செத்தவனாகவே இருந்துவிடலாம். அட்டை ஒட்டி, பொன்னெழுத்து அடித்துக் கொடுத்தால் அவருடைய வேலை முடிந்தது. ஆனால் திங்கட்கிழமை அந்தப் பரீட்சகருக்கு முன்னால், லிண்டாவ் எழுதாத ஒன்றை அவர் எழுதியதாகச் சொன்னவள் என்று நிற்கப்போவது இந்தப் பிள்ளை. செபஸ்தியன் தூரிகையைக் கீழே வைத்தார்.

"கட்டவேண்டாம் மகள். அது லிண்டாவ் எழுதினதில்லை. நான் எழுதினது. கரையூரான் நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முப்பது வருசம் வாய மூடிட்டு, நான் வந்த அன்டைக்கா சொல்றீங்க? என்ட தீசிஸ நிப்பாட்டச் சொல்லி யார் உங்கள வெச்ச?"

"ஒருத்தரும் வைக்கேல்லை."

"அப்ப பேர் வாங்கப் பாக்குறீங்க."

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. "போனில இங்கிலீஷ் புத்தகம் இருக்கே? நாலாம் அத்தியாயம் எடுங்கோ. செத்துப்போன ஒருத்தற்ற வீடு, ரெண்டு சகோதரம், ஒரு உயில். இருக்குதோ?"

அவள் தேடினாள். "ஈக்கி."

"அது தமிழில இருக்குதோ?"

றுஷ்னா பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தின் பிரதியை எடுத்தாள். நாலாம் அத்தியாயம் முழுவதும் விரலை ஓட்டினாள். இங்கிலீஷில் இல்லாததைத்தான் இவ்வளவு காலமும் எல்லாரும் தேடியிருக்கிறார்கள். தமிழில் என்ன இல்லை என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"ஏன் அங்கிள் செஞ்சீங்க?"

"விளங்கேல்லை. அதுதான்."

"விளங்கல்ல என்டு ஒரு வரி போட்டிருக்கலாமே."

மின்விசிறி அறுபத்தோராம் பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எழுதித் தாங்க," என்றாள். "சைன் வெச்சு. நான் இந்த அத்தியாயத்தத் திரும்ப எழுதணும். உங்கட பேரும் வரும், நல்லதுக்கு இல்ல."

செபஸ்தியன் ஒரு தாளை எடுத்தார். லிண்டாவ் சொல்லாத ஒன்றை அவர் பேரில் தானே எழுதியதாக நாலு வரி எழுதி, சொந்தப் பேரில் கையொப்பம் வைத்தார். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். முகம் இன்னும் இளகவில்லை.

"ஐசி ஈக்கா?"

"இருக்கு."

"அதையும் ஒரு கொப்பி அடிங்க. ரெண்டு பக்கமும்."

அவர் தன் அடையாள அட்டையைக் கண்ணாடியில் குப்புற வைத்து மூடியை இறக்கினார். அவள் மேசையைச் சுற்றி வந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.