ரொட்டிக்காரர் தோற்ற விவாதம்

அந்த மாலை வகுப்பில் விவாதத்துக்கு ஒரு விதி உண்டு. எதை நம்புகிறோமோ, அதற்கு எதிராகத்தான் பேச வேண்டும். அதனால் தடுப்பூசி என்றாலே முகம் சுளிக்கும் ரொட்டிக்காரர் அதற்கு ஆதரவாகவும், தினமும் குழந்தைகளுக்கு ஊசி போடும் நர்ஸ் எதிராகவும் பேச வேண்டி வந்தது.

ரொட்டிக்காரரோ தன் மகளுக்குத் தட்டம்மை ஊசி போடாமல், "எல்லாம் அவசரத்துல செஞ்ச சரக்கு" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் தட்டம்மை வந்ததிலிருந்து மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்று குழந்தையோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் எழுந்தாள்.

"அந்தக் காலத்துல போலியோ தடுப்பூசியில, கொன்னு சேர்க்க வேண்டிய கிருமி அவசரத்துல செஞ்ச ஒரு சரக்குல முழுசாச் சாகல. போட்ட குழந்தைங்களுக்கே நோய் வந்துச்சு. இதை நம்பச் சொல்றீங்களாண்ணே?"

வீட்டில் அவர் வீசும் அதே அம்பு. எதிரே இருந்து வந்தபோது சுருக்கென்றது.

"அதுக்கப்புறம்தானம்மா சோதனைய இறுக்கினாங்க! ஒரு தடவை ரொட்டி கருகினா அடுப்பைச் சரி பண்ணுவோமா, கடையையே மூடுவோமா?"

"கொரோனா ஊசி ஒரே வருஷத்துல வந்துச்சே?"

"ஆராய்ச்சி பல வருஷமா நடந்துட்டுத்தான் இருந்துச்சு; சோதனையும் தயாரிப்பும் ஒரே நேரத்துல நடந்துச்சு. மாவு பிசையும்போதே நான் அடுப்பைப் பத்த வைக்கறேன். அதுக்காக வேகாத ரொட்டியா விக்கறேன்? தட்டம்மை ஊசி அறுபது வருஷமா இருக்கு. அதுவும் அவசரமா?"

கைதட்டல் அதிர்ந்தது. ஆனால் வாக்கெடுப்பு சரிபாதியாக நின்றது. மிச்சமிருந்த ஒரே ஓட்டுக்காக வாத்தியார் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

மனைவி நர்ஸுக்குக் கை தூக்கினாள்.

"ஏய், ஊசி போடணும்னு நச்சரிச்சதே நீதானே!" என்று கத்தினார் ரொட்டிக்காரர்.

"அறுபது வருஷம்னு தெரிஞ்சும் நீங்களே இன்னும் போட விடல. நான் மட்டும் எப்படிங்க நம்பறது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரொட்டிக்காரருக்குக் காது வரை சிவந்தது.

"நாளைக்குக் காலையில போட்டுக் காட்டறேன், பாரு!"

மறுநாள் ஊசியோடு வந்தவள் அதே நர்ஸ்தான்.

"ஜெயிச்சவ கையால போடலாமாண்ணே?"

"தீர்ப்பே தப்பு. சீக்கிரம் போடும்மா."

குழந்தை ஒருமுறை வீறிட்டுவிட்டு, நர்ஸின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது. ரொட்டிக்காரர்தான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.