ஓதக்கோட்டுக்கு அப்பால்

தண்ணீர் கடலிலிருந்து வரவில்லை, நண்டு வளைகளிலிருந்து வருகிறது, முற்றத்தில் ஒரு வளை, படலோரம் இன்னொன்று, வாழைக்கு அடியில் பார்க்கப் பார்க்க எத்தனையோ, ஒவ்வொன்றின் வாயிலும் தெளிந்த நீர் திரண்டு, ததும்பி, சத்தமே இல்லாமல் வழிகிறது, அலை இல்லை, காற்று இல்லை, வெயில் ஏறிவிட்ட காலை, அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவர் குந்தி உட்கார்ந்து ஒரு வளையைக் கல் வைத்து அடைக்கிறார், பக்கத்தில் இன்னொன்று திறந்துகொள்கிறது, அதையும் அடைக்கிறார், மண்ணு புதுசு, இன்னும் இறுகல, இறுகினா நின்னுடும் என்கிறார், என்னிடம் சொல்லவில்லை, மண்ணிடம் சொல்கிறார், நான் பதில் சொல்வதை நிறுத்தி எவ்வளவோ நாளாகிவிட்டது, இந்த வீட்டில் பேசுகிறவர் அவர், கேட்டுக்கொண்டிருப்பது தண்ணீர்.

கல்யாணமாகி லம்பாசாவிலிருந்து படகில் வந்து இறங்கிய அன்று இவர், செங்கோடன், என்னை முதலில் கூட்டிப்போனது வீட்டுக்கு இல்லை, நடு முகட்டுக்கு, பிஜியின் பெரிய தீவு எதிரே நீலமாய்க் கிடந்தது, எங்கள் தீவு கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி காலடியில், நடுவில் முதுகெலும்பாய் முகடு, சரிவு முடிந்தால் கரும்பு, கரும்பு முடிந்தால் உப்புச்சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காடு, அதற்கு அப்பால் பவளப்பாறையில் உடையும் வெள்ளைக் கோடு, கையை நீட்டிக் காட்டுகிறார், இந்த முகட்டுலேருந்து கீழ கரை வரைக்கும் விலிமோனி குலத்துது, ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் மாமன் குலத்துது, இங்க மண்ண யாரும் விக்க முடியாது, யாரும் வாங்கவும் முடியாது, அப்ப நமக்கு எதுங்க என்று கேட்டேன், சிரித்தார், நட்டது நமக்கு, நட்ட எடம் அவங்களுக்கு, அந்தச் சிரிப்பின் ஓரம் அன்றே எனக்குப் பிடிக்கவில்லை, காய்ச்சல்காரன் சிரிப்பதுபோல் இருந்தது, அல்லது இப்போது நினைக்கும்போது அப்படித் தெரிகிறதோ என்னவோ, இவர் தாத்தா கப்பலில் வந்து வெட்டிய கரும்பு, அப்பா குத்தகைக்கு எடுத்து வெட்டிய கரும்பு, இவர் வெட்டுகிற கரும்பு, மூன்று பேருக்கும் வேர்வை ஒன்றுதான், மண் மட்டும் ஒருவருக்கும் இல்லை.

குத்தகை முடிந்தது, விலிமோனியின் குலத்தில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கும் நடுவதற்கு இடம் வேண்டும், அதைச் சொல்ல விலிமோனியே வந்தான், தீவின் பூர்வகுடி, சின்ன வயதிலிருந்து இவரோடு ஒரே வெட்டுக் கூட்டத்தில் கத்தி பிடித்தவன், எங்கள் தமிழை எங்களைப்போலவே பேசுகிறவன், படியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான், வயலத்தான் கேக்கிறாங்க செங்கோடா, வீட்டுக்கு மேட்டுல எடம் இருக்கு, கோயிலுக்குப் பக்கத்துல, நல்ல காத்து, நீ ஒரு வேர்க்கட்டு கொண்டாந்து பாயில உக்காந்து கேளு, போதும். இந்தத் தீவில் அதுதான் வழக்கம், அடுத்தவர் மண்ணில் கால் வைக்க வேண்டுமானால் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் கொண்டுபோய் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும், மண்ணுக்கு உரியவன் வேரைத் தொட்டு, உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் வரலாம், தட்டாவிட்டால் திரும்பிப் போக வேண்டும், விலிமோனியின் தாத்தாவும் ஒரு காலத்தில் யாரிடமோ போய் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், அதில் அவமானம் ஒன்றும் இல்லை, ஆனால் இவர் முகம் இறுகிவிட்டது, எங்கப்பன் உக்காந்தான், நான் உக்காந்தேன், போதும்டா, கேட்டு வாங்குற மண்ணு இனி எனக்கு வேணாம். பின்ன ஆகாசத்துலயா வீடு கட்டுவே என்றான் விலிமோனி. ஓதக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டுவேன் என்றார் இவர், அது உன் குலத்துது இல்லேல்ல. அவன் உரக்கச் சிரித்தான், அது சர்க்காரோடதுடா. எந்தச் சர்க்காரு வந்து சேத்துல குடியிருக்கு என்றார் இவர், மூவருமே சிரித்தோம், அந்த வீட்டில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கடலின் ஓதம் ஏறி நிற்கிற உச்சிக்கோட்டில் அந்தக் காலத்து நில அளவைக்காரர்கள் இரும்பு முளை ஒன்று அடித்திருந்தார்கள், முளைக்கு மேலே குலத்தின் மண், முளைக்குக் கீழே கண்டல் காடும் சேறும், இவர் அந்தக் காட்டில் இறங்கினார், வெட்டினார், வெட்டிய இடத்தில் பவளக்கல்லை அடுக்கி அணை கட்டினார், உள்ளே கரும்புச் சோகையைக் கொட்டினார், ஓடைமண்ணைக் கூடை கூடையாய்க் கொட்டினார், நானும் சுமந்தேன், தலையில் சுமந்த ஈரம் முதுகில் வழிகிறது, இன்னும் வழிகிறது, விலிமோனி மேட்டில் நின்று கத்தினான், மரத்த வெட்டாதடா, அதுங்கதான் கரை, அதுங்கள வெட்டிட்டுக் கரைய எங்கேருந்து கொண்டாருவே, இவர் நிமிரவே இல்லை. வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினோம், முதல் நாள் இவர் முற்றத்தில் செருப்பில்லாமல் நடந்தார், மூலைக்கு மூலை, நடந்துவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்து மூடினார், அந்த மண் கடல் வாடையடித்தது, அன்றைக்கு மட்டும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்லாமல் என்ன.

அப்புறம் வாழை அடியிலிருந்து மஞ்சளானது, கிணற்று நீர் கரித்தது, அமாவாசைக்கு அமாவாசை அணையின் கற்கள் ஒன்றிரண்டு காணாமல் போயின, ஒரு நாள் முற்றத்தைப் பெருக்கும்போது துடைப்பத்தில் மீன் குஞ்சு துள்ளியது, இவர் அதை எடுத்துக் கடலில் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். நான் இவருக்குத் தெரியாமல் மேட்டுக்குப் போனேன், வேர்க்கட்டோடு, விலிமோனி அதைப் பார்த்ததும் எழுந்தே விட்டான், அண்ணி, இத நீங்க வைக்கக் கூடாது, வச்சா எங்காளுங்க தட்ட மாட்டாங்க, அவன் வரணும். அவரு வரமாட்டாரு விலிமோனி, பெரிய ஓதம் வருதுங்கிறாங்க, வீடு நிக்காது, அவரு வெளிய வரமாட்டாரு, மனுசனே போயிருவாரு என்றேன், அழவில்லை, அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும், கீழே பார்த்தான், எங்கள் தகரக்கூரை கடலுக்குள் மினுங்கியது, நாங்களா போய் இழுத்துட்டு வரவும் முடியாது அண்ணி, எங்க மண்ணு இல்ல அது.

இன்று அந்த ஓதம், வளைகள் நிரம்பி முற்றம் முழுக்க ஒரே தகடாய் நீர், இவர் அடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறார், கணுக்கால் மறைகிறது, மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வருகிறார்கள், மூங்கில்களும் கயிறுமாய், வீட்டைத் தூக்கிப்போக வருகிறார்கள், முன்னால் விலிமோனி, நல்ல சட்டை போட்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, இரும்பு முளை நீருக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், அங்கே வந்து நின்றுவிட்டான், ஆட்களும் நின்றார்கள், அவன் நீரிலேயே மண்டியிட்டான், இரு கையிலும் வேர்க்கட்டை ஏந்தி நீட்டினான், செங்கோடா, ஒன் மண்ணுல கால் வைக்கலாமா.

தீவில் ஒருவரும் ஒருநாளும் எங்களிடம் கேட்டதில்லை. இவர் கையிலிருந்த கல்லைக் கீழே விட்டார், தண்ணீரை உழப்பிக்கொண்டு நடந்துபோய் வேரைத் தொட்டார், உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினார், மெதுவாக, கனமாக, பார்த்துப் பார்த்துப் பழகிய கைகள், தப்பே இல்லை, வாங்க என்றார். வீட்டத் தூக்கிட்டுப் போயிடறோம், நீயும் வா என்றான் விலிமோனி. அதெல்லாம் அப்புறம், என் எடத்துக்கு மொத மொதலா வந்திருக்கீங்க, உக்காருங்க என்றார் இவர், ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மண்ணுக்கு உரியவன் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், மூங்கில்களைக் கீழே விட்டுவிட்டு ஒவ்வொருவராய் வட்டமாக உட்கார்ந்தார்கள், இடுப்பு வரை நீர், விலிமோனி என்னைப் பார்த்தான், இப்படி ஆகும் என்று அவன் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை, மூங்கில்கள் மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தன, இவர் வட்டத்தின் தலைப்பக்கம் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், கல்யாணத்தன்றுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, திரும்பாமலே என்னிடம் சொன்னார், வந்தவங்களுக்கு டீத்தண்ணி வை. உள்ளே போனேன், அடுப்பின் வாயிலிருந்தும் நீர் வந்துகொண்டிருந்தது, தெளிந்த நீர், சத்தமில்லாமல், சாம்பல் முழுவதும் மேலே மிதந்து வாசலைப் பார்க்கப் போனது, வெளியே இவர் மறுபடியும் கை தட்டுவது கேட்டது, நான் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.