எட்டாவது நாழி

தென்காசிப் பால்வண்ணநாதனுக்கு வீட்டுச் சாமானை விற்பதில் வருத்தமில்லை. விற்றான் என்று நாலு பேர் சொல்வதில்தான் வருத்தம். மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம் செய்தாக வேண்டும். நிலத்தை விற்கலாம் என்றால், உச்சவரம்பு வருகிறது என்று அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் பத்திரிகைகள் கிளப்பிவிட்ட பீதியில், வயலைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மிஞ்சியது குற்றாலத்துப் பங்களா. அதில் நாலு அறை நிறைய விளக்கும் செம்பும் பதக்கமும் படமுமாகப் பாட்டன் காலத்துப் பொருள்கள் தூசி தின்றுகொண்டு கிடந்தன.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பாளையங்கோட்டை சுகிர்தம். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரன் ஏலக்கடையில் இருபது வருஷம் சுத்தியல் தட்டியவர். சாரலில் நனைந்தாலும் கழுத்துப்பட்டையைக் கழற்ற மாட்டார்.

"ஏலம்னு சொன்னாத்தானய்யா கேவலம்? கடன்காரன் வீட்டுல போடுதது ஏலம். நாம போடப்போறது கலைப்பொருள் விற்பனை. சீமையில பிரபுக்கமாரெல்லாம் இப்படித்தான் செய்யுதாக. ஆனா ஒண்ணு, வெறும் பொருள் வெலை போகாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை வேணும்" என்றார்.

கதைக்கா பஞ்சம்? பால்வண்ணநாதன் ஒரு மத்தியானத்தில் முப்பத்தாறு பொருளுக்கும் கதை சொல்லி முடித்துவிட்டார். வெள்ளிச் செம்பு, அருவியில் குளிக்க வந்த திருவாங்கூர் மகாராஜா பெரிய பாட்டனுக்குத் தம் கையால் கொடுத்தது. குத்துவிளக்கு, மகாராணி கொடுத்தது. ரத்தினப் பதக்கம், போரில் கிடைத்தது. எந்தப் போர் என்று சுகிர்தம் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெரிய பாட்டன் காந்திமதிநாதனின் எண்ணெய்ச் சித்திரத்துக்கு மட்டும் கதை தேவைப்படவில்லை. பாட்டனை நேரில் பார்க்காமலே எவனோ வரைந்தது அது, மீசையிலேயே கதை இருந்தது. எல்லாவற்றையும் சுகிர்தம் மஞ்சள் அட்டை போட்ட புத்தகமாக அச்சடித்து, சீசனுக்கு வந்த பெரிய மனுஷர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

முப்பத்தேழாவதாகக் கொல்லையில் கிடந்த ஒரு மரக்காலையும் அவரே சேர்த்துக்கொண்டார். பித்தளைப் பூண் போட்ட மர மரக்கால். 'பழங்கால நெல் அளவை, குடை செருகி வைக்கலாம்' என்று புத்தகத்தில் எழுதினார்.

பால்வண்ணநாதனின் மனைவி உலகம்மாள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மகாராஜா குடுத்தாருன்னு போட்டுருக்கீகளே, செம்புக்கு அடியில பாத்தீகளா?"

"அடியை எவன் பாக்கப்போறான்?" என்றார் அவர். பரிமாறியதைத் தின்று கை கழுவியே வளர்ந்த மனுஷர். வேறெப்படிச் சொல்வார்?

அவருடைய பயமெல்லாம் மாப்பிள்ளையின் அப்பா, சிவகிரி ஞானசம்பந்தத்தைப் பற்றித்தான். பெண் பிடித்துவிட்டது, ஜாதகம் பொருந்திவிட்டது, ஆனால் வாக்கு மட்டும் வாயிலேயே நின்றது. பழைய குடும்பமாக இருக்க வேண்டும் என்பது ஞானசம்பந்தத்தின் ஒரே பைத்தியம். நேற்றுப் பணக்காரன் என்று சொல்லி நாலு இடத்தைத் தட்டிக் கழித்தவர். "குத்தாலத்துக்குக் குளிக்க வாரேன் அண்ணாச்சி. உங்க வீட்டுப் பழம்பெருமையையும் பாத்துட்டு வாக்குச் சொல்லுதேன்" என்று எழுதியிருந்தார். குழல்வாய்மொழிக்கு இருபத்துநாலு வயசு. இந்த இடமும் தட்டிப்போனால் அடுத்தது எங்கே?

விற்பனை நாளன்று அருவியில் குளித்த எண்ணெய் வாசனையோடு கூட்டம் பங்களாவை நிறைத்தது. ஞானசம்பந்தம் முன்வரிசையில், பக்கத்தில் மனைவி மங்களேஸ்வரி. சுகிர்தம் செம்பைப் பட்டுத்துணியில் ஏந்தி மகாராஜாவின் கதையை ஆரம்பித்தார். அருவிக்கரை, யானை, மகாராஜாவின் ஈர வேட்டி வரைக்கும் சொன்னார். இரண்டு பேர் விலையும் கேட்டார்கள். பால்வண்ணநாதன் ஞானசம்பந்தத்தின் முகத்தைப் பார்த்தார். அது மலர்ந்திருந்தது.

"இங்கன தாங்க, பாத்துட்டுத் தாரேன்" என்று மங்களேஸ்வரி கையை நீட்டினாள்.

அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. புதுப் பாத்திரம் கைக்கு வந்தால் கவிழ்த்து யார் பேர் வெட்டியிருக்கிறது என்று பார்க்காத பெண் நம் பக்கத்தில் பிறக்கவில்லை. அவளும் கவிழ்த்தாள். புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "இலத்தூர் பேச்சித்தாய், கொல்லம் வருசம் ஆயிரத்து நாப்பது."

"மகாராஜாவுக்கு அப்படியும் ஒரு பேரு உண்டோ?" என்றது ஒரு குரல்.

பின்வரிசையில் இலத்தூர்க்காரர் ஒருவர் எழுந்தார். "அது எங்க பூட்டிக்குச் சீர்வரிசையில வந்த செம்புல்லா. தாது வருசப் பஞ்சத்துல வெதநெல்லுக்குத் தென்காசிப் பண்ணையில ஈடு வச்சது, திரும்பலன்னு சொல்லுவாக" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காணாமல் போன மாட்டை அடுத்த ஊரில் பார்த்தவர் மாதிரிச் சொன்னார்.

அப்புறம் விலை கேட்பாரில்லை. பெண்கள் எல்லாரும் எழுந்துபோய் ஆளுக்கொரு சாமானைக் கவிழ்த்தார்கள். வாக்காளர் பட்டியல் மாதிரிப் பேர்கள் வந்துகொண்டே இருந்தன. மகாராணியின் குத்துவிளக்கு திருவேங்கடத்துச் சங்கிலிப்பாண்டியுடையது. போரில் கிடைத்த பதக்கத்தின் பின்னால் ஒரு தாசில்தார் மனைவியின் பேர். சுகிர்தம் சுத்தியலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞானசம்பந்தம் எழுந்து வந்தார். முகம் சுருங்கியிருந்தது. "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. ஊர்ப் பேரு பூரா இருக்கு. உங்க வீட்டுப் பேரு போட்ட பொருள் ஒண்ணுகூட இல்லியா?"

பால்வண்ணநாதன் படத்திலிருந்த பெரிய பாட்டனின் மீசையைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை. மகளை நினைத்துக் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இருக்குய்யா, இருக்கு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் சுகிர்தம். கையில் முப்பத்தேழாம் நம்பர் மரக்கால். பூணில் ஆழமாக, புள்ளி புள்ளியாக இல்லாமல் முழு எழுத்தாகவே வெட்டியிருந்தது: காந்திமதிநாதன் பண்ணை, தென்காசி.

ஞானசம்பந்தம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "செம்பும் வெளக்கும் வரும், போகும். நெல் அளந்த மரக்கால்லா குடும்பம். இதைப்போய்க் குடை வைக்க விக்கலாமா? மங்களம், நல்ல நேரம் போகுமுன்ன நெறமரக்கால் வச்சுருவோம். இப்பமே நிச்சயம்."

நிச்சயத்துக்குக் குத்துவிளக்கின் முன்னால் மரக்கால் நிறைய நெல் வைப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பெண் நாழி நாழியாக எண்ணி எட்டு நாழி போட வேண்டும். எட்டு நாழி சேர்ந்தது ஒரு மரக்கால். இது எல்லாருக்கும் தெரியும். பால்வண்ணநாதனுக்கும் உலகம்மாளுக்கும் மட்டும் இன்னொன்றும் தெரியும். அவர் வீட்டில் மரக்கால் இரண்டு. குத்தகை வாங்குகிற மரக்கால் ஒன்று, கூலி கொடுக்கிற மரக்கால் ஒன்று. வாங்குகிறதைக் கறையான் தின்றுவிட்டது. இது கொடுக்கிற மரக்கால்.

"அடுக்களையில புதுசா ஒண்ணு இருக்கு, கழுவி எடுத்துட்டு வாரேன்" என்று உலகம்மாள் அவசரமாக எழுந்தாள்.

"பேரு போட்டது இருக்கையில புதுசு எதுக்கு? நாழி மட்டும் கொண்டாங்க மதினி" என்றாள் மங்களேஸ்வரி.

வேறு வழியில்லாமல் உலகம்மாள் அடுக்களை நாழியைக் கொண்டுவந்தாள். சர்க்கார் முத்திரை போட்ட நாழி, பொய் சொல்லத் தெரியாதது. அன்று காலைதான் பண்ணையாள் மாடன் சமையலுக்குக் குத்த ஒரு மூட்டை நெல் கொண்டுவந்திருந்தான். வாசலிலிருந்த மூட்டையை அவனே கூடத்துக்குத் தூக்கிவந்து பிரித்துவைத்துவிட்டு, ஒதுங்கி நின்றான்.

மங்களேஸ்வரி முறைப்படி ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று ஆரம்பித்தாள். ரெண்டு. மூணு. பால்வண்ணநாதன் கண்ணை மூடிக்கொண்டார். ஆறில் நெல் விளிம்பைத் தட்டியது. அவள் ஒரு நொடி நின்றாள். எண்ணிக்கையைப் பாதியில் நிறுத்தினால் சகுனத்தடை. ஏழு என்றாள். நெல் குமிந்து, சரிந்து, தரையெல்லாம் ஓடியது. எட்டு என்றாள். எட்டாவது நாழியில் ஒரு மணிகூட மரக்காலில் தங்கவில்லை.

பால்வண்ணநாதன் கண்ணைத் திறந்து ஞானசம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது, மகள் வாழ்க்கையைப் பாட்டனின் மரக்கால் விழுங்கிவிட்டது என்றே நினைத்தார்.

ஞானசம்பந்தம் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். "பாத்தீகளா, லச்சுமி கொள்ளாம வழியுதா. ஏழு தலைமுறைக்கு வழியும். கல்யாணத்தன்னிக்கும் இதே மரக்கால்தான் அண்ணாச்சி. தென்காசியில, மணவறையில வச்சு, ஊர் பூரா பாக்கணும்." தாம்பூலத் தட்டு கை மாறியது. எல்லாருக்கும் சந்தோஷம். இலத்தூர்க்காரரும் பாயசம் குடித்தார், செம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. யாரும் தடுக்கவில்லை.

கூட்டம் சாப்பிடப் போன பிறகு மாடன் உட்கார்ந்து, சிந்திய நெல்லை வழித்து நாழியில் அளந்து மூட்டையில் போட்டான். மாடன் தலையெடுத்த பிறகு கூலி ரூபாயாகிவிட்டது. இந்த மரக்காலில் வாங்கியவர் அவன் அப்பா.

"சிந்துனது ஒண்ணே முக்கால் நாழி எசமான்" என்றான். "மேல குமிஞ்சு நிக்கது ஒரு கால் இருக்கும். ஆக ரெண்டு."

பால்வண்ணநாதன் தலையாட்டினார்.

"எங்கப்பன் சாகுறவரைக்கும் இதையேதான் சொல்லுவேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. எட்டுக்கு ஆறுதான் அளந்தாகன்னு. எசமான் வீட்டுல அப்படிச் செய்வாகளான்னு நான் அவருகூடச் சண்டை போட்டுட்டேன். ரெண்டு வருசமா பேச்சு இல்ல." மூட்டையைக் கட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "கல்யாணத்துக்கு அவரையும் கூட்டிட்டு வாரேன் எசமான். கண்ணு மங்கிப்போச்சு. முன்னால உக்கார ஒரு எடம் மட்டும் குடுங்க."