வேதாசலம் தவறிவிட்டார்

உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்த ஊர் உத்திரமேரூர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்ததைக் கோயில் சுவரே சொல்கிறது. இப்போது அதே ஊரில் ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்துவிட்டதா என்பதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஓட்டு விழுவது ‘குடவோலை’ என்ற இணையதளத்தில். யாரும் செய்தி போடலாம். மேல் அம்பை அழுத்தினால் செய்தி மேலே ஏறும், கீழ் அம்பை அழுத்தினால் இறங்கும். நடத்துகிறவர், தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்ற வேதாசலம். சட்டங்களும் அவர் எழுதியவை. தலைப்பு இரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது. நூறு ஓட்டு வாங்கிய செய்தியை யாராலும் நீக்க முடியாது; அவராலும்தான். பயன் இல்லாமல் இல்லை. மதகு திறப்பு, கரண்ட் நிறுத்தம் எல்லாம் ஊருக்கு முன்கூட்டியே தெரிந்தது.

அன்று பதினொரு மணிக்கு ஏரிப் பாசன சங்கத் தலைவர் தேர்தல். மூன்று வருஷமாக அந்த நாற்காலிக்காகவே வெள்ளைச் சட்டை போட்டுப் பழகியவர் வேதாசலம். ஒன்பதுக்கே தெருவில் இறங்கினார்.

தெரு அடங்கியது. எதிரே வந்த சிட்டம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால் தரையில் படுகிறதா என்று பார்த்தாள், சந்துக்குள் மறைந்தாள். டீக்கடை ஜான்சன் டீயைக் கையில் தராமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். எங்கிருந்தோ ஊதுவத்தி வாசம் வந்தது.

“இன்னா ஜான்சன், பேயப் பாக்குற மாதிரி பாக்குற?”

“நூத்தி நாப்பத்தேழு பேரு சொல்றாங்கோ சார். நா ஒருத்தன் இல்லன்னா ஆயிடுமா?”

வேதாசலம் போனில் கட்டைவிரலை வைத்தார். கைரேகை பொருந்தவில்லை என்றது. மறுபடி வைத்தார். பொருந்தவில்லை. நிழலைத் தேடினார், கூரைக்கு அடியில் நின்றதால் அது இல்லை. நாடியைப் பிடித்தார், துடிப்பது தன்னுடையதா, பக்கத்து மாவு மில்லினுடையதா என்று விளங்கவில்லை.

ஜான்சன் தன் போனைத் தூரத்திலிருந்தே காட்டினான். முதல் செய்தி: ‘வேதாசலம் தவறிவிட்டார்.’ போட்டவள் நடவு வேலைக்குப் போகும் செங்கேணி.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தார். “ஏம்மா, நா எப்ப செத்தேன்?”

“யாரு செத்தது? உள்ள படிச்சியா சார்? மாட்டு டாக்டரு வர தேதிய சரியா போடறதுல நீ தவறிட்ட. சினைப் பசுவ இட்டுகினு நாள் பூரா வெயில்ல நின்னேன். அத்த எழுதலாம்னா ரெண்டு சொல்லுக்கு மேல வாங்க மாட்டேங்குது உன் பொட்டி.”

‘வேதாசலம் உயிருடன்’ என்று அவசரமாகப் போட்டார். கீழ் அம்புகள் பாய்ந்தன. ‘ஆதாரம்?’ என்று கேட்டிருந்தான் ஒருவன்.

சங்கக் கட்டடத்தில், வேட்பாளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘மறைவு’ என்று எழுதியிருந்தது.

“எதிருல நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?” என்றார்.

“நிக்கிற அண்ணே, தெரியுது,” என்றார் எதிர் வேட்பாளர் முத்துகிருஷ்ணன், மிகுந்த மரியாதையோடு. “ஆனா நூறு ஓட்டு வாங்கின சேதிய மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதான?”

இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார்கள். அறைக்குள் யாரோ குளிர்ந்த மூச்சு விட்டதுபோல் இருந்தது. எல்லோருடனும் வேதாசலமும் எழுந்து நின்றார். பிறகு முத்துகிருஷ்ணன் போட்டியின்றித் தேர்வானார்.

அந்தச் செய்திக்கு விழுந்த முதல் ஓட்டு வேதாசலத்தினுடையது. காலை ஆறு மணிக்கு, தலைப்பில் தன் பெயரைப் பார்த்ததும், அடுத்த சொல்லைப் படிக்காமலே மேல் அம்பை அழுத்தியிருந்தார்.